பொறி விழும் நேரம்: கரி பஸ்ஸிலிருந்து இ-20 வரை

"டைமிங்கைக் கொஞ்சம் அட்வான்ஸ் பண்ணிவிடுங்கண்ணே, வண்டியில இழுவையே இல்லை." அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பட்டறையில் வைக்கும் முதல் கோரிக்கை இது. டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் திருப்பினால் போன இழுவை திரும்பிவிடும் என்ற நம்பிக்கை பொய்யில்லை. ஆனால், எவ்வளவு திருப்பலாம் என்பதை முடிவு செய்வது டேங்கில் இருக்கும் எரிபொருள்தான். மதுரை வட்டாரம் இந்தப் பாடத்தை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே படித்துவிட்டது.

ஏன் முந்த வேண்டும்?

பிளக்கில் பொறி விழுந்த கணத்திலேயே பெட்ரோல் கலவை முழுதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவி முடிய 2 மில்லி விநாடி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் அதற்குள் கிராங்க் ஷாஃப்ட் 36 டிகிரி சுற்றிவிடும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி 12 முதல் 15 டிகிரி இறங்கும் இடத்தில் அழுத்தம் உச்சத்தைத் தொட்டால்தான் முழு இழுவை கிடைக்கும். அதனால் பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே பொறியைப் போட்டாக வேண்டும்.

பொறி பிந்தினால் சூடு சைலன்ஸர் வழியாக வீணாகும், எஞ்சினும் கொதிக்கும். அளவு மீறி முந்தினால், நம்மை நோக்கி வரும் ஊஞ்சலை எதிர்த்துத் தள்ளிய கதைதான். ஏறும் பிஸ்டனைத் தீயே தடுக்கும். மூலையில் எரியாமல் மிஞ்சிய கலவை தானாக வெடித்து நாக்கிங் அடிக்கும். அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

கரியில் ஓடிய பஸ்

இரண்டாம் உலகப்போரில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. 1942 ஏப்ரலில் ஏனாங்யாங் எண்ணெய் வயல்களைப் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையே அழித்தது. இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்களை நிறுத்துவதா, வேறு வழி தேடுவதா என்ற நெருக்கடியில், 1912 முதலே பஸ் தொழிலில் இருந்த டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து வாயு எடுக்கும் கேஸ் பிளான்ட்டைத் தானே தயாரித்தது.

காற்றை அளவாக விட்டு அடுப்புக்கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிடைக்கும். வடிகட்டி, குளிர வைத்து, அதை எஞ்சினுக்குள் விட வேண்டும். இதில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். பெட்ரோல் எஞ்சினை அப்படியே இந்த வாயுவில் ஓட்டினால் சக்தியில் ஏறத்தாழ பாதி போய்விடும். அதோடு தீ நிதானமாகத்தான் பரவும். பெட்ரோலுக்கு வைத்த டைமிங்கில் ஓட்டினால், கிடைக்க வேண்டிய மீதிப் பாதியும் முழுசாகக் கைக்கு வராது. பொறியை 10 முதல் 15 டிகிரி வரை முன்தள்ளினால்தான் அது தேறும்.

அந்த அட்வான்ஸை அப்படியே வைத்துவிட்டு மறுபடி பெட்ரோலுக்கு மாறினால் அதே எஞ்சின் நாக்கிங் அடித்துத் தள்ளும். ஒரே எஞ்சின்தான், எரிபொருள் மாறினால் சரியான நேரமும் மாறிவிடும்.

பல்பு காட்டும் கணக்கு

பழைய அம்பாசடர் பெட்ரோல் எஞ்சினில் கப்பியில் ஒரு வெட்டு இருக்கும். டைமிங் கவரில் மூன்று முனைகள்: ஒன்று பிஸ்டன் உச்சிக்கு, மற்றவை 5, 10 டிகிரிகளுக்கு. முதலில் பிளாட்டினம் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லி மீட்டருக்குள் வைக்க வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசையைத் தாண்டக் கூடாது.

பிறகு எஞ்சினைக் கையால் சுற்றி, முதல் சிலிண்டர் பொறி வாங்கும் நேரத்தில் வெட்டைக் குறியில் நிறுத்த வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே 12 வோல்ட் பல்பை மாட்டி, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப வேண்டும். பல்பு எரியத் தொடங்கும் கணம்தான் பாயிண்ட் திறந்து பொறி விழும் கணம். ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிடார்ட். எஞ்சினின் பாதி வேகத்தில் ரோட்டர் சுற்றுவதால், இங்கே ஒரு டிகிரி திருப்பினால் கிராங்க்கில் இரண்டு டிகிரி மாறும். கை அவசரப்பட்டால் காரியம் கெட்டது.

இது தொடக்கப் புள்ளி மட்டுமே. வேகம் கூடும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங்கில் கட்டிய இரண்டு எடைகள் விரிந்து மீதி அட்வான்ஸைக் கொடுக்கும். துருப்பிடித்து அவை இறுகிப்போயிருந்தால் வெளியே எவ்வளவு திருப்பியும் பலன் இருக்காது.

காது ஏமாறும் இடம்

"மேட்டில் லேசாக அடிக்கும்வரை அட்வான்ஸ் வை, அங்கிருந்து கொஞ்சம் பின்னால் வா" என்பது பட்டறைப் பாடம். ஆக்டேன் குறைந்த பெட்ரோல் விற்ற காலத்தில் அது நன்றாகவே கைகொடுத்தது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய இ-20 பெட்ரோலின் ஆக்டேன் 95-ஐ ஒட்டியிருக்கிறது. எத்தனால் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சினில் சரியான புள்ளியைத் தாண்டிப் போன பின்பும் சத்தமே வராமல் போகலாம். காது "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லும், வண்டியோ சத்தமில்லாமல் சக்தியை இழந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று: ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். கார்புரேட்டர் வண்டியில் ஜெட் அதேதான் என்பதால் இ-20 கலவை மெலிந்துவிடும். அதனால் வரும் இழுவைக் குறைவை டைமிங்கைத் திருப்பிச் சரிக்கட்ட முடியாது. கார்புரேட்டரைத்தான் கவனிக்க வேண்டும்.

புதிய கார்களில் திருப்புவதற்கு டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. கிராங்க் சென்சாரையும் பல மாடல்களில் இருக்கும் நாக் சென்சாரையும் கேட்டு கம்ப்யூட்டரே ஒவ்வொரு பொறியையும் நகர்த்துகிறது. டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் காரில் டைமிங்கை மட்டும் மாற்றும் 'ரீமேப்'பில் பெரிதாக ஒன்றும் தேறாது. கம்பெனி விட்டுவைத்த இடைவெளி குறைவு. வாரன்ட்டி போகும் வாய்ப்போ அதிகம். சி.என்.ஜி. கிட் மாட்டியவர்கள் நிலை வேறு. கரி வாயுவைப் போலவே சி.என்.ஜி.யும் பெட்ரோலைவிட மெதுவாக எரிவதால், அங்கே அட்வான்ஸைக் கூட்டித்தரும் கருவிக்கு நியாயமான வேலை இருக்கிறது.

பழைய வண்டிக்காரர்களுக்குக் காதைவிடக் கடிகாரம் நம்பகமானது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றம் மாதிரி ஒரு மேட்டை, வண்டி நெரிசல் இல்லாத நேரத்தில், அதே சுமையோடும் அதே கியரிலும் ஏறி, ஒரு குறியிலிருந்து இன்னொரு குறிக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கிராங்க் கணக்கில் இரண்டு டிகிரி கூட்டி மறுபடி ஏறுங்கள். விநாடி குறைவது நின்றதும், சத்தம் வராவிட்டாலும், ஒரு படி பின்னால் வந்து போல்ட்டை முடுக்கிவிடுங்கள். மதுரை வெயிலில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது அந்த ஒரு படிதான் பிஸ்டனைக் காக்கும்.