மனம் திறக்கும் முதல் நாள்

கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினரை வென்ற எலியா, அதற்குப் பின் சில நாள்களிலேயே பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு ஆண்டவரிடம் மன்றாடினார். அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரம் இதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வானதூதர் அவரைத் தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் உறங்கவிட்டார். மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தார். ஓரேபு மலையை அடைந்த பின்னரே உரையாடல் தொடங்கியது. அங்கும் ஒரே கேள்வி இருமுறை கேட்கப்பட்டது. எலியாவும் தம் மனக்குறையை இருமுறை கொட்டினார்.

எலியாவின் நிலையில் இருப்பவர்கள் நம் டிக்கோயாத் தோட்ட லயங்களிலும் இருக்கிறார்கள். பிரட்டுக்குப் போகக் கால் எழாத தாய், பின்னிரவில் விழித்துக்கொண்டு விடியும்வரை கூரைத் தகரத்தைப் பார்த்துக் கிடக்கும் தந்தை, கொழும்பில் கடை வேலையை விட்டுத் திரும்பி வந்து யாரோடும் பேசாத மகன். இவர்களுக்காக நொவேனா செய்கிறோம், செபமாலை சொல்கிறோம். சிலர் பங்குத்தந்தைக்குத் தெரியாமல் கோடங்கியிடமும் போய் வருகிறோம். வைத்தியரிடம் போக மட்டும் தயங்குகிறோம். "அங்கொடை" என்னும் ஊர்ப்பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கும் சமூகத்தில் இந்தத் தயக்கம் வியப்புக்குரியதன்று. ஆனால் நமது திருவிவிலியத்தில் சீராக்கின் ஞானம் என்றொரு நூல் இருக்கிறது. அதன் 38ஆம் அதிகாரம், மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவரே என்கிறது. நோயுற்றவர் மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடமளிக்கவும் வேண்டும் என்று இரண்டையும் ஒருசேரக் கற்பிக்கிறது.

எங்கே போவது? இந்திய அரசின் உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே 12 அன்று திறக்கப்பட்ட, 150 கட்டில்கள் கொண்ட கிளங்கன் ஆதார வைத்தியசாலை நமக்கு அருகிலேயே இருக்கிறது. வெளிநோயாளர் பிரிவில் "மனசு சரியில்லை, தூக்கமில்லை" என்று சொன்னால் போதும். உளநலக் கிளினிக் எங்கே, எந்த நாளில் என்று வழிகாட்டுவார்கள். அரச வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணமில்லை. மனநல வைத்தியர் மருந்து எழுதித் தர உரிமையுள்ளவர். உளவியலாளரும் உளவளத்துணையாளரும் பேச்சின் வழியே துணை நிற்பவர்கள். சிலருக்கு ஒருவர் போதும். சிலருக்கு இருவரும் தேவைப்படுவர்.

முதற் சந்திப்பில் பெரும்பாலும் கேள்விகளே இருக்கும். உறக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் யார் யார், மதுப்பழக்கம் உண்டா, முன்பு ஏதேனும் நோய் இருந்ததா, இந்தத் துன்பம் எப்போது தொடங்கியது என்றெல்லாம் வினவுவார்கள். இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பலாம். இரத்தச்சோகையும் தைரொயிட் கோளாறும் மனச்சோர்வைப் போலவே களைப்பைத் தருபவை என்பதால் அது வீண் அலைச்சலன்று. "செத்துவிடலாம் என்று தோன்றியதுண்டா?" என்றும் கேட்பார்கள். அக்கேள்வியைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உண்மையைச் சொல்வதற்கும் அஞ்ச வேண்டியதில்லை; தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டம் இலங்கையில் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

நம்மவர் மனத்துயரை உடலின் மொழியில் சொல்பவர்கள். நெஞ்சு படபடப்பு, தலைப்பாரம், உடம்பெல்லாம் எரிச்சல், வயிற்றில் ஏதோ உருளுகிறது என்போம். அவ்வாறே சொல்லுங்கள், நல்ல வைத்தியர் அதன் பொருளை உணர்வார். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வைத்தியர் சிங்களத்தில் பேசுபவராயின், கூட வந்த மகளோ கணவரோ மொழிபெயர்க்க நேரிடும். மகள் முன்னிலையில் தாய் எதைச் சொல்வாள்? அடியும் குடியும்தான் காரணம் என்றால், கணவரே அதை மொழிபெயர்ப்பாரா? தமிழ் தெரிந்த தாதியரையோ உத்தியோகத்தரையோ தயங்காமல் கேளுங்கள். தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழி; அதில் பேசக் கேட்பது சலுகையன்று.

பாவசங்கீர்த்தனத் தொட்டியின் பழக்கத்தில் நாம் சில எதிர்பார்ப்புகளோடு போவோம். அங்கே சில நிமிடங்களில் பாவமன்னிப்பு கிடைக்கிறது, அபராதமும் குறிக்கப்படுகிறது. இங்கே அப்படியன்று. எதிரே இருப்பவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். எடுத்த எடுப்பில் அறிவுரையும் தரமாட்டார். இடையிடையே மௌனமாயிருப்பார். "என்னடா இது, ஒன்றுமே சொல்லவில்லையே" என்று தோன்றும். பேச்சுச் சிகிச்சை ஓர் அமர்வில் முடிவதன்று. வாரத்திற்கொரு முறை, ஏறத்தாழ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை எனப் பல வாரங்கள் நீள்வது வழமை. நெரிசலான அரச கிளினிக்கில் அவ்வளவு நேரம் கிடைக்காமலும் போகலாம். ஆகையால் சொல்ல வேண்டியதில் முதன்மையான இரண்டு மூன்றைத் துண்டுக் கடதாசியில் குறித்துக்கொண்டு செல்வது நல்லது. முதல் நாள் அழுகை வரலாம். வீடு திரும்பியதும் முன்னிலும் சோர்வாக இருக்கலாம். பழைய புண்ணைத் திறந்து கழுவும்போது வலிப்பதைப் போன்றது அது.

இரகசியம் பற்றியும் தெளிவு வேண்டும். பாவசங்கீர்த்தன இரகசியத்திற்கு விலக்கே இல்லை. உளவளத்துணையாளரும் நீங்கள் சொன்னதை வெளியே சொல்லக் கூடாதவர்தாம். ஆயினும் உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து இருந்தால், அல்லது ஒரு குழந்தை துன்புறுத்தப்பட்டால், காப்பாற்றத் தேவையானவர்களுக்கு அவர் அறிவிக்க நேரிடும். இதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு சுவருக்கு இப்பால் இருமினால் அப்பால் கேட்கும் லயத்தில் வாழ்பவர்களுக்கு, கதவு சாத்திய அறையில் அரை மணி நேரம் பேசக் கிடைப்பதே பெரிய ஆறுதல்.

மருந்து தரப்பட்டால், மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்டப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும். மூன்றாம் நாளே "வேலை செய்யவில்லை" என்று வீசுவதும், சுகம் கண்டவுடன் தாமாகவே நிறுத்துவதும் தவறு.

இது விசுவாசக் குறைவா என்று கேட்போருக்கு ஒரு செய்தி. 2025 ஏப்ரலில் இறைபதமடைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தமது 42ஆம் வயதில், ஆர்ஜென்டினாவில் இயேசு சபைக் குருவாக இருந்தபோது, ஒரு யூதப் பெண் மருத்துவரிடம் ஆறு மாதங்கள் வாரந்தோறும் உளப்பகுப்பாய்வுக்குச் சென்றவர். 2017இல் வெளியான உரையாடல் நூலில் அவரே இதைக் கூறினார். பின்னாளில் அந்த மருத்துவர் மரணத் தறுவாயில் அவரை அழைத்து ஆன்மிகம் பேசினார் என்பதும் அதில் உண்டு.

கிளினிக் நாளில் மலைக்குப் போகாவிட்டால் அரைப்பேர்கூட விழாது. அந்த இழப்பைச் சுட்டிக்காட்டி நோயாளியைக் குற்றவாளியாக்காமல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும், பஸ் ஏறி உடன் செல்லவும், அறைக்கு வெளியே காத்திருக்கவும் வீட்டிலிருந்து ஒருவர் முன்வரட்டும். திரும்பும் வழியில் "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன?" என்று துருவ வேண்டாம். அடுத்த கிளினிக் நாளுக்குள் நிலைமை மோசமானால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்தை இரவிலும் பகலிலும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தென்று தோன்றினால் தொலைபேசியோடு நின்றுவிடாமல் அவரைத் தனியே விடாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டிலுள்ள கிருமிநாசினிப் போத்தலையும் அன்றே அப்புறப்படுத்திவிடுங்கள்.