ஆக்கியோர் பலர்: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தழுவலில் கலைஞர்களின் பங்கு

முன்னுரை

நாவல் ஒன்று திரைவடிவம் பெறும்போது, அவ்வடிவத்தை ஆக்கியவர் யார் என்னும் வினா எழுகிறது. தழுவல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நாவலாசிரியரை ஒருபுறமும் இயக்குநரை மறுபுறமும் நிறுத்தி, விட்டவை எவை, சேர்த்தவை எவை என்று பட்டியலிட்டு அமைகின்றன. பல்லாண்டுகள் நீளும் தொலைக்காட்சித் தொடருக்கு இம்முறை போதுமானதன்று. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் கற்பனைப் புனைவு நாவல் வரிசையைத் தழுவி, அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் 2011 முதல் 2019 வரை ஒளிபரப்பிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ இதற்குத் தக்க சான்றாகும். எட்டுப் பருவங்களும் 73 பகுதிகளும் கொண்ட அத்தொடரில் எழுத்தாளர், நடிகர், மொழியமைப்பாளர், இசையமைப்பாளர், கலை இயக்குநர் ஆகியோர் மூலத்தின் பொருளை எவ்வாறு மாற்றியமைத்தனர் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல்நூலும் வழிநூலும்

தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. இப்பாகுபாடு நூலைப் பற்றியதேயாயினும் தழுவலை விளக்கவும் துணைபுரிகிறது. மார்ட்டினின் நாவல்கள் பல பாத்திரங்களின் நோக்குநிலையில் மாறிமாறி நகர்பவை. ஒவ்வோர் இயலும் ஒரு பாத்திரத்தின் உள்ளத்துள் நின்றே உலகைக் காண்கிறது. காமிராவுக்கு அத்தகைய உள்ளம் இல்லை. அது அறையிலுள்ள அனைவரையும் புறத்தே நின்று காண்கிறது. ஆகவே இத்தழுவலின் முதற்செயல் நோக்குநிலையை மாற்றுவதாகவே அமைந்தது. தொகுத்தலும் விரித்தலும் அம்மாற்றத்தின் விளைவுகளாயின.

எழுத்தாளர் குழு

டேவிட் பெனியாஃப், டி.பி. வைஸ் ஆகிய இருவரும் தொடரை உருவாக்கி, பெரும்பாலான பகுதிகளையும் எழுதினர். பெனியாஃபின் உதவியாளராகத் தொடங்கிய பிரையன் காக்மன் பின்னர் எழுத்தாளராகவும் தயாரிப்பாளராகவும் உயர்ந்தார். முதல் நான்கு பருவங்களில் பருவத்திற்கு ஒன்றாக நான்கு பகுதிகளை மார்ட்டினே எழுதினார்.

இவற்றுள் இரண்டாம் பருவத்தின் ‘பிளாக்வாட்டர்’ (2012) சிறப்பாக நோக்கத்தக்கது. நீல் மார்ஷல் இயக்கிய இப்பகுதி ஒரு கடற்போரைப் பொருளாகக் கொண்டது. நாவலில் ஆற்றின் குறுக்கே எழுப்பப்படும் மாபெரும் சங்கிலியே பகைவரின் கப்பற்படையைச் சிறைப்படுத்துகிறது. தொலைக்காட்சி வடிவத்தில் அச்சங்கிலி இல்லை. தம் நாவலின் மையச் சூழ்ச்சியொன்று இடம்பெறாத திரைக்கதைக்கு நாவலாசிரியரே ஆசிரியராக நிற்கிறார். மூலத்திலிருந்து விலகுதல் தழுவுவோரின் பிழை என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்தாமற் போகிறது.

விரித்தலுக்குச் சான்றாக முதற்பருவத்தின் ஐந்தாம் பகுதியில் அரசன் ராபர்ட்டும் அரசி செர்சியும் தம் மணவாழ்வின் தோல்வியைப் பேசிக்கொள்ளும் காட்சியைக் காட்டலாம். நாவலில் இக்காட்சி இல்லை, இருத்தலும் அரிது. முதல் நாவலில் இவ்விருவருக்கும் நோக்குநிலை இயல்கள் இல்லாமையால் அவர்கள் தனித்திருக்கும் அறைக்குள் வாசகர் நுழைய வழியில்லை. மார்க் ஆடி, லீனா ஹெடி ஆகியோரின் அடங்கிய நடிப்பால் அக்காட்சி, செர்சியைப் பகையாக மட்டுமே கண்ட முதல் நாவலின் பார்வையை முன்னரே தளர்த்திவிடுகிறது.

நடிகரும் பாத்திரமும்

நடிகர் தேர்வுக்கு நினா கோல்ட் பொறுப்பேற்றார். முதலில் டாம் மெக்கார்த்தி இயக்கிய முன்னோட்டப் பகுதி நிறைவளிக்காமையால் அதன் பெரும்பகுதி டிம் வான் பாட்டனின் இயக்கத்தில் மீண்டும் படமாக்கப்பட்டது. அப்போது டனேரிஸ் பாத்திரத்தில் டாம்சின் மெர்ச்சன்ட்டுக்கு மாற்றாக எமிலியா கிளார்க்கும், கேட்லின் பாத்திரத்தில் ஜெனிஃபர் இலீக்கு மாற்றாக மிஷெல் ஃபேர்லியும் அமர்ந்தனர். நாவலின் தொடக்கத்தில் டனேரிஸ் பதின்மூன்று வயதுச் சிறுமி. திரையில் அப்பாத்திரத்தின் வயது உயர்த்தப்பட்டது. இளையோர் பலரின் வயதும் அவ்வாறே உயர்ந்தது. எனவே குழந்தைகள் மீது போர் சுமத்தும் கொடுமை என்னும் நாவலின் ஒரு கூறு திரையில் ஓரளவு மங்கியது.

நடிகர்களின் சேர்க்கை கதைப்போக்கையே மாற்றியதற்கு இரண்டாம் பருவம் சான்றாகிறது. ஹாரென்ஹால் கோட்டையில் ஆர்யா மது ஊற்றும் பணியாளாக இருப்பது நாவலில் ரூஸ் போல்டனிடம். தொடரிலோ டைவின் லானிஸ்டரிடம். சார்ல்ஸ் டான்ஸும் சிறுமி மேசி வில்லியம்ஸும் எதிரெதிரே நிற்கும் அக்காட்சிகளில், தன் குலப்பகைவனின் அறிவை வியக்கவும் அஞ்சவும் ஆர்யா கற்கிறாள். டைவினும் நாவலில் காணாத ஒரு தந்தைமைச் சாயலைப் பெறுகிறான். டிரியனாக நடித்து நான்கு முறை எம்மி விருது பெற்ற பீட்டர் டிங்க்லேஜ், அப்பாத்திரத்தின் நாவல் வருணனையிலுள்ள அருவருப்புத் தோற்றத்தைக் குரலின் கனத்தாலும் சொல்லின் கூர்மையாலும் பின்னுக்குத் தள்ளினார்.

ஆக்கப்பட்ட மொழிகள்

நாவலில் டோத்ராக்கி, வலீரிய மொழிகள் சில பெயர்களாகவும் சில தொடர்களாகவும் மட்டுமே உள்ளன. ஏனைய பேச்சு ஆங்கிலத்திலேயே தரப்படுகிறது. திரையில் மாந்தர் வாய்திறந்து பேசியாக வேண்டும். மொழியாக்கச் சங்கம் நடத்திய தேர்வின் வழியாக டேவிட் ஜே. பீட்டர்சன் டோத்ராக்கியை உருவாக்கும் பணியைப் பெற்றார். மார்ட்டின் வைத்த பெயர்களின் ஒலியமைப்பை அடிப்படையாகக் கொண்டு ஒலியியலும் சொற்றொகுதியும் இலக்கணமும் அமைத்தார். மூன்றாம் பருவத்திற்காக உயர்வலீரிய மொழியையும் அதன் வழிவந்த அஸ்டபோர் வழக்கையும் விரித்தார்.

அஸ்டபோர் அடிமை வணிகனுடன் டனேரிஸ் பேரம் பேசும் நிகழ்ச்சியில் இவ்வுழைப்பின் பயன் புலனாகிறது. வணிகன் தன் மொழியில் அவளை இழித்துரைக்கிறான்; மொழிபெயர்ப்பாளர் மிசாண்டை அதை மென்மையாக்கித் தருகிறாள். நாவலில் இவ்வியல் டனேரிஸின் நோக்குநிலையில் அமைவதால், அவளுக்கு அம்மொழி விளங்குகிறது என்பதை வாசகர் தொடக்கத்திலேயே அறிவர். திரையில் அவள் முகம் மட்டுமே தெரிகிறது. பேரம் முடிந்த கணத்தில் அவள் வலீரிய மொழியில் விடையிறுக்கும்போது வணிகனுடன் பார்வையாளரும் திடுக்கிடுகின்றனர். நாவலில் எள்ளலாக இருந்தது திரையில் வெளிப்பாடாக மாறியது. நோக்குநிலை இழப்பு இங்கு ஊதியமாயிற்று. இயக்குநர் அலெக்ஸ் கிரேவ்ஸ், நடிகர் கிளார்க், மொழியமைப்பாளர் பீட்டர்சன் ஆகிய மூவரில் ஒருவரை நீக்கினும் இவ்விளைவு நிகழாது.

இசையும் களமும்

நாவலில் லானிஸ்டர் குலத்தின் வன்மத்தைப் பறைசாற்றும் ‘தி ரெயின்ஸ் ஆஃப் காஸ்டமியர்’ என்னும் பாடல் இடம்பெறுகிறது. தாளில் அதற்குச் சொல் உண்டு, பண் இல்லை. இசையமைப்பாளர் ரமீன் ஜவாதி அதற்கு மெட்டமைத்தார். இரண்டாம் பருவத்தின் முதற்பகுதியில் டிரியன் அதனைச் சீழ்க்கையடிக்கிறான். ‘பிளாக்வாட்டர்’ பகுதியில் பிரான் பாடுகிறான். இவ்வாறு பார்வையாளரின் செவியில் மெட்டுப் பதிந்த பின்னர், டேவிட் நட்டர் இயக்கிய மூன்றாம் பருவத்து மணவிருந்துப் படுகொலையின்போது (2013) இசைஞர் அதனை வாசிக்கத் தொடங்குகின்றனர். கேட்லின் இரண்டகத்தை உணரும் அதே நொடியில், சொல் ஏதுமின்றியே பார்வையாளரும் உணர்கின்றனர். நாவல் பெயர் சொல்லி அறிவித்ததை இசை செவிவழி நினைவூட்டியது.

களத்தின் உருவாக்கமும் இத்தன்மையதே. முதல் மூன்று பருவங்களுக்கு ஜெம்மா ஜாக்சனும் பின்னர் டெபோரா ரைலியும் தயாரிப்பு வடிவமைப்பை ஏற்றனர். பெல்ஃபாஸ்ட் நகரில் முன்பு கப்பற்பகுதிகளுக்கு வண்ணம் பூசப்பட்ட கூடம் அரங்காயிற்று. குரோஷியாவின் துப்ரோவ்னிக் அரசநகராயிற்று. நாவலின் இரும்பு அரியணை மலைபோல் உயர்ந்து கோணலானது என்றும், திரையில் உள்ளது தம் கற்பனைக்கு ஒத்ததன்று என்றும் மார்ட்டின் கூறியுள்ளார். ஆயினும் இன்று பலர் மனத்தில் நிற்பது திரையின் அரியணையே.

வழிநூல் முந்திய நிலை

ஐந்தாம் நாவல் 2011-இல் வெளிவந்தது. தொடர் நிறைவுற்ற 2019 வரை ஆறாம் நாவல் வெளிவரவில்லை. ஐந்தாம் பருவத்திலேயே இந்நிலையின் அறிகுறி தென்படுகிறது. ஹார்ட்ஹோம் என்னுமிடத்து அழிவை நாவல் தொலைவிலிருந்து வரும் மடல் வழியே மட்டும் அறிவிக்கிறது. மிகேல் சபோச்னிக் இயக்கிய பகுதி (2015) ஜான் ஸ்னோவை அங்கேயே நிறுத்தி அதனை நேர்க்காட்சிப் போராக விரித்தது. ஆறாம் பருவம் (2016) முதல் கதை நாவல்களைக் கடந்து சென்றது. ஹோடோர் என்னும் பெயரின் காரணம் மார்ட்டினிடமிருந்து தாம் அறிந்தது எனத் தொடரின் ஆக்குநர்கள் தெரிவித்துள்ளனர். ஆசிரியர் மனத்தில் மட்டும் இருந்த முதல்நூலுக்கு வழிநூல் முன்னதாக வெளிப்பட்ட விந்தை இது. கால முறைமையால் முதல், வழி எனப் பிரிக்கும் நம் வழக்கம் இங்குத் தடைபடுகிறது. இறுதிப் பருவங்களில் இனி நடப்பதன் சுருக்கம் கையிலிருந்தது. இயல்தோறும் பாத்திரத்தின் உள்ளத்தைத் திறந்துகாட்டிய நாவல் கையிலில்லை. டனேரிஸின் இறுதி மாற்றம் போதிய அளவு வளர்த்தெடுக்கப்படவில்லை என எழுந்த கடுமையான திறனாய்வை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிடல் வேண்டும்.

முடிவுரை

சிறப்புப்பாயிரத்தில் ஆக்கியோன் பெயரையும் வழியையும் முன்வைத்து எட்டுச் செய்திகள் இடம்பெற வேண்டும் என்பது நன்னூல் நெறி. ஆக்கியோர் ஒருவர்க்கு மேற்படும்போதும் தமிழ் மரபு தடுமாறியதில்லை. சங்கத் தொகைநூல்கள் பாடியோருடன் தொகுத்தோரையும் தொகுப்பித்தோரையும் பதிவுசெய்தன. கிடைத்துள்ள பரிபாடல்கள் பலவற்றின் குறிப்புகள் பாடிய புலவர், இசை வகுத்தவர், பண் ஆகிய மூன்றையும் தனித்தனியே சுட்டுகின்றன. திரையின் பெயர்ப்பட்டியலையும் அவ்வாறே ஆய்வுச் சான்றாகக் கொள்ளுதல் தகும். பொருள் எங்கு மாறியது என்று கேட்பதோடு, யார் கையில் மாறியது என்றும் கேட்குமிடத்தே, ‘மூலத்துக்கு உண்மையாக உள்ளதா’ என்னும் பழைய வினாவின் தேக்கம் நீங்கும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் மூலம் செறிந்த இடங்களும் நலிந்த இடங்களும் அவ்வக் கலைஞரின் செயலோடு பிணைந்தே நிற்கின்றன. நாவல்வழித் திரைத் தழுவல்களை ஆராய்வோர் இப்பிணைப்பையே முதற்கண் நோக்குதல் வேண்டும்.