வானத்தின்மேல் பறக்கும் பறவை

'பறவைகள் வானத்தின்மேல் பறக்கின்றன' என்று பாங்காக் பள்ளியொன்றில் ஒரு மாணவன் ஆங்கிலத்தில் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இன் த ஸ்கை' என்று வரவேண்டிய இடத்தில் 'ஆன் த ஸ்கை' என்று எழுதிவிட்டான். ஆசிரியர் 'ஆன்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'இன்' என்று திருத்துகிறார். அடுத்த வாரமும் அதே பிழை. அதே சிவப்பு மை. தாய்லாந்தில் ஆங்கிலம் கற்பிக்கும் எவருக்கும் நன்கு பழக்கமான பிழை இது. மாணவன் கவனக்குறைவால் எழுதியதன்று. அவனுடைய மொழியில் பறவை உண்மையாகவே வானத்தின் 'மேல்'தான் பறக்கிறது! எப்படி என்று பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு சிறு எச்சரிக்கை. அந்நாட்டு மொழியின் பெயர் 'தாய்'. 'தாய் மொழி' என்று எழுதினால் நம் வாசகர்கள் வேறு பொருள் கொள்வார்கள். ஆகவே 'தாய்லாந்து மொழி' என்றே எழுதுகிறேன். அம்மொழியில் ஐந்து வகை ஒலியேற்றம் உண்டு. ஒரே அசையை ஏற்றியும் இறக்கியும் சொல்ல, பொருள் மாறிவிடும். நம் எழுத்தில் அதைக் காட்ட இயலாது. எனவே இங்கே தரும் சொற்களை ஏறத்தாழ உள்ள ஒலிப்பு என்றே கொள்ளுங்கள்.

தாய்லாந்து எந்த ஐரோப்பிய நாட்டுக்கும் அடிமைப்பட்டதில்லை. ஆகவே ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழியாகப் புகவில்லை. தெருவிலும் அலுவலகத்திலும் தானாகக் காதில் விழும் மொழியும் அன்று. ஆயினும் சுற்றுலா, விமானம், மருத்துவமனை, ஏற்றுமதி என்று பிழைப்புக்கு அது வேண்டியிருக்கிறது. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், 2007-ஆம் ஆண்டில் கையெழுத்தான தன் சாசனத்தில் ஆங்கிலத்தையே அலுவல் மொழியாக வைத்துக்கொண்டது. எனவே தாய்லாந்து மாணவன் ஆங்கிலத்தைப் பெரும்பாலும் புத்தகத்திலிருந்தே கற்க வேண்டியவனாகிறான். புத்தகத்தில் அவனை மிகவும் தொல்லைப்படுத்துபவை நீண்ட சொற்கள் அல்ல. 'ஆன்', 'இன்', 'அட்' போன்ற இரண்டெழுத்துச் சொற்களே. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருவதால் இவற்றை முன்னிடைச்சொற்கள் என்கிறோம். நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டும் 'இல்', 'மேல்', 'இடம்' ஆகியவை செய்யும் வேலையை இவை முன்னால் நின்று செய்கின்றன.

'ஆன்' என்றால் 'மேல்' என்று அகராதி சொல்லும். அதுவே முதல் குழப்பம். உங்கள் வீட்டு விட்டத்தில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது கூரைக்கு மேலா இருக்கிறது? கீழே அல்லவா தொங்குகிறது! ஆனாலும் ஆங்கிலேயர் 'ஆன் த சீலிங்' என்றே சொல்வார். சுவரில் படம், விரலில் மோதிரம், சட்டையில் கறை, கதவில் கைப்பிடி, கயிற்றில் துணி ஆகிய எல்லாவற்றுக்கும் 'ஆன்'தான். இவற்றில் எதுவும் எதன் மேலும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒன்று மற்றொன்றின் புறப்பரப்பைத் தொட்டுக்கொண்டும், அதனால் தாங்கப்பட்டும் இருக்கிறது; அவ்வளவே. தொடுதலும் தாங்குதலுமே 'ஆன்' என்பதன் உயிர். உயரம் அதற்கு ஒரு பொருட்டன்று.

தாய்லாந்து மொழியில் இதற்கு நேராகச் சொல்லித்தரப்படும் சொல் 'பொன்'. (தங்கம் அன்று, 'பம்பரம்' என்பதில் வரும் இரண்டாவது பகரத்தைப்போல் மெல்லொலியாகச் சொல்லுங்கள்.) மேசையின்மேல் புத்தகம் இருந்தால் 'பொன்'. சரிதான், 'ஆன்' என்பதோடு பொருந்திவிட்டது. ஆனால் 'பொன்' என்பதன் அடிப்படைக் கருத்து 'மேற்பக்கம், உயர்ந்த இடம்' என்பதாகும். மாடியில் இருப்பதும் 'பொன்'; மரத்தில் இருப்பதும் 'பொன்'; வானத்தில் இருப்பதும் 'பொன்'. தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமென்ற கட்டாயம் அங்கே இல்லை. பறவை வானத்தின்மேல் ஏறிய கதை இதுதான்.

இப்போது அந்தப் பல்லியை மறுபடி பாருங்கள். தாய்லாந்திலும் வீட்டுக்கு வீடு பல்லி உண்டு, 'சிங்சொக்' என்பார்கள். அது விட்டத்தில் இருந்தால் அங்கேயும் 'பொன்' போடலாம். ஆங்கிலத்தில் 'ஆன்', தாய்லாந்து மொழியில் 'பொன்'. இரண்டும் ஒத்துப்போய்விட்டன என்று மாணவன் மகிழ்கிறான். ஆனால் காரணங்கள் வேறு. ஆங்கிலேயர் 'ஆன்' என்பது பல்லி கூரையைத் தொட்டுக்கொண்டிருப்பதால். தாய்லாந்துக்காரர் 'பொன்' என்பது பல்லி உயரத்தில் இருப்பதால். விடை ஒன்றாக அமைந்தது தற்செயல். கணக்கைத் தப்பாகப் போட்டும் விடை சரியாக வந்துவிட்டால் மாணவன் தன் வழியே சரியென்று நம்பிவிடுவானல்லவா? அதேபோல் இந்தப் பல்லியும் வானத்துப் பறவையிடம் கொண்டுபோய் விடுகிறது.

மரத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் பழம் மரத்தின் 'ஆன்'. பறவை மரத்தின் 'இன்'. பழம் கிளையோடு இணைந்தது. பறவையோ இலைகளும் கிளைகளும் சூழ்ந்த இடத்துக்குள் வந்து புகுந்தது. நமக்கு இரண்டும் 'மரத்தில்' தான்.

அப்படியானால் சுவரில் உள்ள படத்தைத் தாய்லாந்துக்காரர் எப்படிச் சொல்வார்? இங்கேதான் அம்மொழியின் அழகு இருக்கிறது. ஆங்கிலம் ஒரு சின்ன இடைச்சொல்லின் தலையில் கட்டிய வேலையை அது வினைச்சொல்லிடம் ஒப்படைக்கிறது. படம் 'தொங்கி இருக்கிறது', அஞ்சல்தலை 'ஒட்டி இருக்கிறது', ஈயும் பல்லியும் 'பற்றி அமர்ந்து இருக்கின்றன' என்று வினையை மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒட்டுவதற்குத் 'தித்'; பற்றியிருப்பதற்குக் 'கொ'. பிறகு 'தீ' என்ற சொல்லைப் போட்டு இடத்தைச் சொன்னால் போதும். 'தீ' என்பதற்கு இடம் என்றே பொருள். 'அவனிடம்', 'என்னிடம்' என்று நாம் சொல்லும்போது 'இடம்' என்ற பெயரே உருபாக நிற்கிறதே, அதே தந்திரம்தான்!

அம்மொழியின் இடச்சொற்கள் பலவும் இப்படிப் பெயரிலிருந்து பிறந்தவையே. 'நா' என்றால் முகம். அதுவே 'முன்னால்' என்றும் ஆகும். 'லங்' என்றால் முதுகு. அதுவே 'பின்னால்' என்றும், 'பிறகு' என்றும் ஆகும். மருந்து உறையில் 'லங் ஆகான்' என்று அச்சிட்டிருந்தால் 'உணவுக்குப் பிறகு' என்று பொருள். 'ஆகான்' யாரென்று தெரிகிறதா? நம் 'ஆகாரம்' தான். இரு மொழிகளும் வடமொழியிலிருந்து பெற்றது. திசைப் பெயர்கள் இதைவிடச் சுவையானவை. மேலே என்ற சொல்லே அங்கு வடக்கையும், கீழே என்ற சொல்லே தெற்கையும் குறிக்கும். வடக்கே மலைகள், தெற்கே கடல். நாம் மேலிலிருந்து 'மேற்கு' என்றும், கீழிலிருந்து 'கிழக்கு' என்றும் ஆக்கிக்கொண்டவர்கள். நமக்கு மேற்கே மலை, கிழக்கே கடல். நிலம் சாயும் பக்கம் சொல்லும் சாய்கிறது.

இனி வண்டிக்கு வருவோம். 'பஸ்ஸில் இருக்கிறேன்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆன்'. 'காரில் இருக்கிறேன்' என்பதற்கு 'இன்'. இரயில், கப்பல், விமானம் எல்லாம் 'ஆன்'. எழுந்து நின்று நடமாடக்கூடிய தளம் இருந்தால் 'ஆன்', குனிந்து உள்ளே நுழைந்து உட்கார வேண்டியிருந்தால் 'இன்' என்று ஒரு நல்ல கைவிதி சொல்வதுண்டு. தாய்லாந்து மொழியில் இந்தப் பிரிவு இல்லை. பஸ்ஸோ காரோ டாக்சியோ, எதுவானாலும் 'குன் ரொத்', அதாவது வண்டி 'ஏறு' என்பார்கள். ('ரொத்' என்பது நம் இரதமேதான்.) எனவே காருக்கும் 'கெட் ஆன்' என்று எழுதிவிடுகிறார்கள். படகுக்கு மட்டும் வழி வேறு. 'லோங்', அதாவது 'இறங்கு' என்று சொல்லிப் படகில் ஏறுகிறார்கள்! கால்வாய்க் கரையில் வாழ்ந்தவர்களுக்குப் படகு எப்போதும் படித்துறைக்குக் கீழேதானே கிடக்கும்?

காலத்தைக் குறிக்கும்போது தொல்லை இன்னும் கூடும். மணிக்கு 'அட்', கிழமைக்கு 'ஆன்', மாதத்துக்கு 'இன்'. மணி ஒரு புள்ளி. கிழமை ஒரு தளம். மாதம் ஒரு பெட்டி என்று கற்பனை செய்துகொண்டால் நினைவில் நிற்கும். (இரவுக்கு 'அட்' எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்; எந்தக் கற்பனையும் அதற்கு உதவுவதில்லை.) தாய்லாந்து மொழியில் கிழமைக்கு முன் எதுவும் போடாமலே விடலாம், போட்டால் 'உள்ளே' என்ற பொருளுடைய 'நை' வரும். திங்கட்கிழமை அங்கே 'வன் சன்', சந்திரனின் நாள். 'நை வன் சன்' என்று பழகியவன் 'இன் மண்டே' என்று எழுதுவதில் வியப்பென்ன?

இதற்கு மாறாக, ஆங்கிலம் காணாத ஒரு வேற்றுமையை அம்மொழி காண்கிறது. 'காலையில்' என்பதற்கு 'தோன் சாவ்' என்றும் சொல்லலாம், 'மூவா சாவ்' என்றும் சொல்லலாம். 'மூவா' போட்டால் அந்தக் காலை கழிந்துவிட்டது என்று பொருள். கடந்துபோன காலத்துக்கென்று தனியாக ஓர் இடைச்சொல்! வினைச்சொல் இறந்தகாலத்துக்காக உருமாறாத மொழி அது. அந்தக் குறையை இப்படிச் சில சொற்கள் ஈடுசெய்கின்றன.

பொருள் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் 'ஆன்' முற்றிலும் வழுக்கிவிடும். 'ஆன் டைம்' என்பதைத் தாய்லாந்துக்காரர் 'நேரான வேளை' என்பார். 'வேலா' என்ற அச்சொல்லும் நம் 'வேளை'யும் உடன்பிறந்தவை. விளக்கை 'ஆன்' செய்வதை 'திற' என்பார். அதனால் 'விளக்கைத் திறந்தேன்' என்று ஆங்கிலத்திலும் எழுதுவார். ஒன்றைப் 'பொறுத்திருக்கிறது' என்ற பொருளில் ஆங்கிலம் 'டிபெண்ட் ஆன்' என்னும். தாய்லாந்து மொழி 'அதனோடு ஏறி இருக்கிறது' என்னும். 'உடன்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை அங்கே கொண்டுவந்து போடாமல் இருக்க மாணவன் மிகவும் முயல வேண்டும்.

இவற்றில் சில வெறும் மதிப்பெண் இழப்போடு போய்விடும். சில அப்படிப் போகா. மருந்துப் புட்டியில் ஆங்கிலத்தில் 'ஆன் அன் எம்ட்டி ஸ்டமக்' என்றிருந்தால், வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும். களிம்பு டப்பியில் 'ஆன் த ஸ்டமக்' என்றிருந்தால், வயிற்றின்மேல் பூச வேண்டும். வேறுபாட்டைக் காட்டுபவை பக்கத்தில் நிற்கும் சிறு சொற்கள்தாம். 'அன்', 'த' போன்ற சுட்டுகள் தாய்லாந்து மொழியில் இல்லை. பழக்கமில்லாத கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும். 'ஆன்' என்றால் 'பொன்' என்று மட்டும் மனப்பாடம் செய்த மருத்துவமனை உதவியாளர் ஒருவர் இந்த இரண்டு வரிகளையும் வெளிநாட்டு நோயாளிக்கு விளக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆங்கிலமே தன் 'ஆன்' விஷயத்தில் எப்போதும் ஒழுங்காக இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில், குறிப்பாகத் தென்மேற்குப் பகுதி வழக்கில், இன்றைய 'இன்' செய்யும் வேலையையும் 'ஆன்' என்பதே செய்துவந்தது. 'உயிரில்' என்பதற்கு 'ஆன் லைஃப்' என்றார்கள். அது தேய்ந்து தேய்ந்து 'அலைவ்' ஆயிற்று. 'அஸ்லீப்', 'அஷோர்' ஆகியவற்றின் தலையில் நிற்கும் அகரமும் உரு அழிந்த 'ஆன்' தான். அந்தக் காலத்து ஆங்கிலேயன் ஒருவன் வந்தால், நம் பாங்காக் மாணவனின் விடைத்தாளைச் சற்று இரக்கத்தோடு திருத்தியிருப்பான்.

இந்தப் பிரிவினைகள் மனித மூளையில் இயற்கையாகவே உள்ளவையா, மொழி கற்பிப்பவையா? நெதர்லாந்தில் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் ஆய்வு நிலையத்தில் மெலிசா பவர்மன் என்ற அம்மையார் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். மேசையில் கோப்பை, காலில் ஒட்டுக்கட்டு, சுவரில் படம், விரலில் மோதிரம், கிண்ணத்தில் ஆப்பிள் என்று எளிய கோட்டுப் படங்களை வரைந்து, பல மொழியினரிடம் 'இது எங்கே இருக்கிறது?' என்று கேட்கும் முறையை அவரும் எரிக் பெடர்சனும் 1992-இல் வகுத்தார்கள். ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான டச்சு மொழியே, கோப்பைக்கு ஒரு சொல், சுவர்ப் படத்துக்கு ஒரு சொல், மோதிரத்துக்கு ஒரு சொல் என்று 'ஆன்' என்பதை மூன்றாகக் கூறு போடுகிறது. கொரிய மொழி இன்னும் வேறு வழி. விரலில் மோதிரம் போடுவதும், உறைக்குள் ஒலிநாடாப் பெட்டியைச் செருகுவதும் அங்கே ஒரே வினை. இறுக்கமாகப் பொருந்துகிறதா என்பதே கேள்வி. உள்ளா வெளியா என்பதன்று.

சூன்-ஜா சோய் என்ற அறிஞரோடு சேர்ந்து பவர்மன் 1991-இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு வயதுக்குள்ளேயே குழந்தைகள் தங்கள் மொழியின் பிரிவினைப்படி பேசத் தொடங்கிவிடுவதைக் காட்டியது. 2004-இல் சூசன் ஹெஸ்பாஸ், எலிசபெத் ஸ்பெல்கி ஆகியோர் ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த ஐந்து மாதக் குழந்தைகளைச் சோதித்தார்கள். கொரிய மொழி காணும் இறுக்கம், தளர்வு என்ற வேற்றுமையை அக்குழந்தைகளும் உணர்ந்தன! ஆங்கிலம் பேசும் பெரியவர்களோ அதைப் பொருட்படுத்தவில்லை. ஆக, குழந்தை பல வேற்றுமைகளைக் காணும் கண்ணோடு வருகிறது. தன் மொழிக்கு வேண்டாதவற்றைக் கவனியாமல் விடப் பழகுகிறது. பதினைந்து வயதில் இன்னொரு மொழியைக் கற்கும்போது, அப்படி விட்டதைத் திரும்பத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகையால் 'ஆன் என்றால் பொன்' என்ற பட்டியலைவிடப் படமே நல்ல ஆசிரியர் என்று எனக்குத் தோன்றுகிறது. பல்லியையும் பறவையையும் அருகருகே வரைந்து, 'எது தொட்டுக்கொண்டிருக்கிறது?' என்று கேட்டால் மாணவனே விடையைக் கண்டுகொள்வான்.

நீங்களும் செய்து பாருங்கள். மேலே சொன்ன ஐந்து படங்களையும் தாளில் வரைந்து, ஆங்கிலம் நன்கு அறிந்த ஒருவரிடமும், தமிழ் மட்டும் அறிந்த ஒருவரிடமும் தனித்தனியே காட்டுங்கள். முதல்வர் நான்கு படங்களுக்கு 'ஆன்' என்றும், ஒன்றுக்கு 'இன்' என்றும் சொல்வார். இரண்டாமவர் பெரும்பாலும் ஐந்துக்கும் 'இல்' என்றே முடித்துவிடுவார். கோப்பைக்கு மட்டும் சிலர் 'மேல்' என்பார்கள். மோதிரத்துக்கு 'மேல்' என்று சொல்பவர் எவரேனும் அகப்படுகிறாரா என்று பாருங்கள்.