தம்பானூர் சுருள் கோபுரம் சொல்லும் பாடம்
லாரி பேக்கரின் தனி முத்திரை எப்படிப் பிறந்தது?

திருவனந்தபுரம் சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கித் தம்பானூர் பஸ் நிலையத்தின் பக்கம் வருகிறவர்கள் கண்ணில் அந்தக் கட்டடம் படாமல் இருக்காது. செங்கல் நிறம், வட்ட வடிவம், முறுக்குப் பிழிந்தாற்போல் சுற்றிச் சுற்றி மேலே ஏறும் கோபுரம். அதுதான் இந்தியன் காப்பி ஹவுஸ். நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகும் தமிழர்கள் ஏராளம்.

உள்ளே மாடிக்கு மாடி எனப் பிரிவு கிடையாது. தரையே சாய்ந்து சாய்ந்து மேலே போகிறது. ஓரத்தில் வரிசையாக மேஜைகள். அவையும் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. சுவரெங்கும் துளைகள். அவற்றின் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. குறுகிய இடத்தில் இத்தனை பேரை உட்கார வைக்க முடியுமா என்று வியப்பாக இருக்கும்.

இதை வடிவமைத்தவர் லாரி பேக்கர். பெயர்தான் லாரி, லாரி லாரியாகச் சிமெண்டு இறக்கிக் கட்டியவர் அல்ல!

பெயர்ப் பலகை வேண்டாம்

மருத்துவக் கல்லூரியைத் தாண்டிப் பிரசாந்த் நகரில் வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. ஸ்ரீகாரியத்தில் லயோலா கல்லூரியின் சிற்றாலயம் இருக்கிறது. நாலாஞ்சிறைக் குன்றின் சரிவில் பேக்கர் குடியிருந்த வீடு இருக்கிறது. இவற்றில் ஒன்றைப் பார்த்தவர் மற்றொன்றைப் பார்த்ததும், “இது பேக்கர் கட்டியது” என்று சொல்லிவிடுவார். கையெழுத்தைப் பார்த்தே கடிதம் யாருடையது என்று கண்டுகொள்வது போல.

விளம்பரப் படம் வரைகிறவர், புத்தக அட்டை போடுகிறவர், துணிக்கு மாதிரி வரைகிறவர் என எல்லோரும் இன்று தேடுவது இந்தத் தனி முத்திரையைத்தான். பேக்கர் அதைத் தேடி அலையவில்லை. வீண் செலவு கூடாது என்ற ஒரு பிடிவாதம் அவருக்கு இருந்தது. அந்தப் பிடிவாதமே அவருடைய முத்திரையாகிவிட்டது.

ஐந்து மைல் கணக்கு

பேக்கர் 1917ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். கட்டடக் கலை படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டு செய்தார். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவர் மனத்தில் பதிந்தது.

1945ல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்தார். 1948ல் கேரளத்து டாக்டர் எலிசபெத்தை மணந்தார். இமயமலைப் பகுதியான பிதோராகரில் பல ஆண்டுகள் இருவரும் தொண்டு செய்தார்கள். அங்கே கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு மலைவாசிகள் வீடு கட்டுவதைப் பார்த்துப் பேக்கர் தம் பாடத்தைப் புதிதாகக் கற்றார். பிறகு கேரளத்தில் வாகமண், அதன்பின் திருவனந்தபுரம்.

ஒவ்வொரு செங்கல்லுக்கும் கணக்கு

அவர் கட்டடங்களில் அழகு என்று நாம் பார்ப்பதெல்லாம் உண்மையில் சிக்கனம்தான்.

சுவருக்குப் பூச்சு இல்லை. பூச்சு இல்லாததால் அந்தச் சிமெண்டும் பெயிண்டும் மிச்சம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவார். இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். செங்கல்லில் ஏறக்குறைய 25 சதவீதம் மிச்சமாகும். உள்ளே காற்று நிற்பதால் வெயிலின் சூடும் குறையும். ஜன்னலுக்குச் சட்டமும் கம்பியும் விலை அதிகம். எனவே பல இடங்களில் ஜன்னலுக்குப் பதில் துளைச் சுவர். கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை. இழுவையைத் தாங்குவது கம்பிதான். ஆகவே அங்கே கம்பிகளுக்கு இடையில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துக் கான்கிரீட்டைக் குறைத்தார். வழியில் மரம் நின்றால் மரத்தை வெட்டமாட்டார், சுவரை வளைப்பார்.

காகிதத்திலும் இதே சிக்கனம். ஒரு பக்கம் எழுதிய தாளின் மறுபக்கத்தில் வீட்டுப் படம் வரைவார். பாமரர்களும் புரிந்துகொள்ள, தம் கையாலேயே எழுதிப் படம் போட்டுச் சிறு நூல்கள் வெளியிட்டார். அந்தக் கோடுகளையும் எழுத்தையும் பார்த்தாலே ஆள் யாரென்று தெரியும்.

கொத்தனார் கையும் தெரியும்

பூச்சு இல்லாத சுவரில் கோணல் ஒளியாது. ஒரு வரி சரிந்தாலும் தெருவில் போகிறவன் கண்ணுக்குத் தெரியும். பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்து சாரம் ஏறிய நம்மவர்களுக்கு இதன் அருமை விளங்கும். சாதாரணக் கட்டடத்தில் கொத்தனாரின் வேலை பூச்சுக்குள் மறைந்துபோகிறது. பேக்கர் கட்டடத்தில் அது வெளியே நிற்கிறது. சிமெண்டுக்கும் இரும்புக்கும் போகும் பணம் குறைவதால், செலவில் பெரும் பங்கு வேலை செய்கிறவர் கூலியாகிறது. பேக்கர் தாமே வேலை நடக்குமிடத்தில் நின்று, கொத்தனாரோடு பேசிப் பேசிக் கட்டியவர்.

1985ல் அச்சுதமேனன், கே.என்.ராஜ் ஆகியோருடன் சேர்ந்து காஸ்ட்போர்டு அமைப்பைத் தொடங்கினார். 1990ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007 ஏப்ரல் 1ந் தேதி திருவனந்தபுரத்திலேயே காலமானார்.

நகல் எது, அசல் எது?

இன்று சிலர் சுவரை நன்றாகச் சிமெண்டால் பூசி, அதன்மேல் செங்கல் நிற ஓடு ஒட்டி, “பேக்கர் மாதிரி” என்கிறார்கள். செலவு இரட்டிப்பு! அவருடைய முகத்தை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டார்கள்.

வைப்புநிதிக் கடனை நம்பி ஊரில் ஒரு வீடு கட்ட நினைக்கும் குமாஸ்தாவும், கூலியில் மிச்சம் பிடிக்கும் தொழிலாளியும் எடுத்துக்கொள்ளவேண்டியது அந்தக் கணக்கைத்தான். திருநெல்வேலியில் கட்டும் வீடு தம்பானூர்க் கோபுரம் போல் இருக்கவேண்டியதில்லை. அந்த ஊர்க் கல், அந்த ஊர் ஓடு, அந்த ஊர் வெயில் ஆகியவற்றைக் கேட்டுக் கட்டினால் போதும். பார்க்கிறவர்கள் அதற்கும் ஒரு முத்திரை இருப்பதாகச் சொல்வார்கள்.