தொழிற்சாலையின் கணினிக் கிராணி: எம்.இ.எஸ். மென்பொருள் நின்றால் என்ன செய்வது?

கம்போங் மேடான் அடுக்குமாடி வீடுகளிலிருந்து ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பலருக்கு அந்தத் திரை நன்றாகப் பழக்கம். இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும். வேலை அட்டையைத் தட்டி, பொருள் தட்டில் ஒட்டியிருக்கும் பார்கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். பச்சை வந்தால் வேலையைத் தொடங்கலாம். சிவப்பு வந்தால் லைன் லீடரைக் கூப்பிட வேண்டும். அவருக்கும் புரியாவிட்டால் கணினிப் பிரிவுக்குப் போன் போகும். ஆள் வரும்வரை இயந்திரம் சும்மா நிற்கும். அன்றைய இலக்கு ஏன் எட்டவில்லை என்ற கேள்வி மட்டும் ஆபரேட்டரிடம் வந்து நிற்கும்.

அந்தத் திரைக்குப் பின்னால் ஓடும் மென்பொருளின் பெயர் ‘மேனுஃபேக்சரிங் எக்ஸிகியூஷன் சிஸ்டம்’. சுருக்கமாக எம்.இ.எஸ்.; தமிழில் உற்பத்திச் செயலாக்க முறைமை எனலாம். அது எதற்காகத் தடுக்கிறது, தடுத்தால் எப்படிச் சரிசெய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது, அந்தத் திரையின் முன் நிற்கும் தொழிலாளிக்கும் நல்லது. அதைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போக நினைக்கும் இளைஞருக்கும் நல்லது.

பால் ஸ்டோரில் இருந்த அதே கணக்கு

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காலைப் பெரட்டில் யார் வந்தார்கள், யாருக்கு எந்த நிரை என்பது பதிவாகும். மரம் வெட்டி முடித்துப் பால் ஸ்டோருக்கு வந்தால் பாலை நிறுப்பார்கள். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று மெட்ரோலாக் கருவியால் பார்ப்பார்கள். எல்லாம் கிராணியின் ஏட்டில் ஏறும். தோட்ட நிர்வாகிக்கு மரம் தெரியாது. மரத்தடியில் இருப்பவருக்குக் கம்பெனிக் கணக்கு தெரியாது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது கிராணியின் ஏடு. அதில் ஓர் எண் பிசகினால் அந்த மாதச் சம்பளமே பிசகும்.

இன்றைய தொழிற்சாலையில் அந்த ஏட்டின் இடத்தில் இருப்பதுதான் எம்.இ.எஸ். மேலே கொள்முதல், விற்பனை, கணக்கு ஆகியவற்றைப் பார்க்கும் அலுவலக மென்பொருள். கீழே இயந்திரங்களும் அவற்றின் கட்டுப்பாட்டுக் கருவிகளும். நடுவில் எம்.இ.எஸ். எந்தப் பொருள், எந்த இயந்திரத்தில், யார் கையால், எத்தனை மணிக்கு, எந்த அளவுகளில் தயாரானது என்று ஒவ்வொரு படியையும் பதிவு செய்கிறது. எம்.இ.எஸ். என்ற பெயர் 1990களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. மேல், நடு, கீழ் என்ற இந்த அடுக்கை விளக்கும் ‘ஐ.எஸ்.ஏ.-95’ என்ற தரநிலையின் முதல் பகுதி 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கிராணியின் ஏட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கிராணி வேலை முடிந்த பிறகு எழுதினார். எம்.இ.எஸ். வேலை தொடங்கும் முன்பே கேள்வி கேட்கிறது. பதில் சரியில்லை என்றால் இயந்திரத்தை ஓடவிடாது.

தடுப்பது வேறு, பழுதாவது வேறு

கம்போங் மேடானிலிருந்து அதிக தூரமில்லாத சுங்கைவே தடையற்ற தொழில் வட்டாரத்தில் 1970களிலிருந்தே மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. மோட்டோரோலா தொடங்கிய சிப் ஆலை இன்று என்.எக்ஸ்.பி. நிறுவனத்தின் கையில் இருக்கிறது. சிப் தயாரிப்பையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

சிப் ஆலையில் பொருள்கள் ‘லாட்’ என்ற தொகுதிகளாக நகரும். சிலிக்கன் துண்டை ஒட்டுவது ஒரு படி. முடியைவிட மெல்லிய கம்பியால் அதை இணைப்பது அடுத்த படி. கம்பிகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்த பிறகு, கறுப்புப் பிசினால் மூடுவார்கள். மூடிவிட்டால் உள்ளே இருக்கும் கம்பியைக் கண்ணால் பார்க்க முடியாது, எக்ஸ்ரேதான் வேண்டும். எனவே சோதனைப் படியைத் தாண்டாத லாட்டைப் பிசின் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தால் எம்.இ.எஸ். சிவப்பு காட்டும்.

அது பழுது அல்ல. மென்பொருள் தன் வேலையைச் செய்கிறது. எம்.இ.எஸ். பராமரிப்புக்கு வருகிறவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்: மென்பொருள் தடுக்கிறதா, அல்லது மென்பொருளே நின்றுவிட்டதா?

தடுப்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் இவைதான். தரப் பிரிவு அந்த லாட்டை நிறுத்தி வைத்திருக்கலாம். முந்தைய படியில் வேலை முடிந்தும் ‘முடிந்தது’ என்று யாரும் பதியாமல் விட்டிருக்கலாம். தட்டில் 98 இருக்க, கணினியில் 100 இருக்கலாம். இயந்திரம் பராமரிப்பில் இருப்பதாகப் பதிவு இருக்கலாம். தவறான அளவுத் திட்டம் இயந்திரத்தில் ஏறியிருக்கலாம். அந்த இயந்திரத்தை இயக்க ஆபரேட்டர் பெற்ற பயிற்சிச் சான்று காலாவதியாகி இருக்கலாம்.

மென்பொருள் உண்மையிலேயே நின்றுவிட்டால் அறிகுறிகள் வேறு. திரை உறைந்து நிற்கும். ஸ்கேன் செய்தால் பச்சையும் வராது, சிவப்பும் வராது. ஸ்கேனர், லேபிள் பிரிண்டர், நெட்வொர்க் கேபிள், சர்வர், தரவுத்தளம் என்று எங்கேயும் கோளாறு இருக்கலாம்.

அனுபவசாலிகள் கேட்கும் நான்கு கேள்விகள்

கோளாறைத் தேடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. கண்டபடி எல்லாவற்றையும் ‘ரீஸ்டார்ட்’ செய்வது அந்த வரிசையில் இல்லை.

முதல் கேள்வி: எத்தனை பேருக்கு இந்தச் சிக்கல்? ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய அட்டை, அனுமதி, சான்று. ஓர் இயந்திரத்துக்கு மட்டும் என்றால் அதன் ஸ்கேனர், கேபிள், இணைப்பு. ஒரு லாட்டுக்கு மட்டும் என்றால் அந்த லாட்டின் பதிவு. ஆலை முழுவதும் என்றால்தான் சர்வர் அறைக்கு ஓட வேண்டும். இந்த ஒரு கேள்வியே தேட வேண்டிய இடத்தைப் பாதிக்கு மேல் சுருக்கிவிடும்.

இரண்டாவது: கடைசியாகச் சரியாக ஓடியது எப்போது, அதற்குப் பிறகு என்ன மாறியது? புதிய லேபிள், புதிய தயாரிப்பு எண், மென்பொருள் மேம்படுத்தல், நேற்று மாற்றிய பாஸ்வேர்டு என எதுவாகவும் இருக்கலாம்.

மூன்றாவது: திரையில் வந்த வாசகம் என்ன? “சிஸ்டம் ஓடவில்லை” என்று போனில் சொன்னால் எதுவும் புரியாது. பிழைச் செய்தியின் சொற்கள், லாட் எண், இயந்திர எண், நேரம் ஆகிய நான்கும் இருந்தால், சர்வரின் பதிவேட்டில் அந்த நிமிடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஆலை விதி கைபேசியை அனுமதித்தால் திரையைப் படம் எடுத்து அனுப்பலாம். இல்லையென்றால் ஒரு தாளில் எழுதி வைத்தாலே போதும்.

நான்காவது: பொருள் உண்மையில் எங்கே இருக்கிறது? கணினி ஒன்று சொல்லும். தட்டு வேறு இடத்தில் இருக்கும். நேரில் போய் எண்ணிப் பார்த்த பிறகே பதிவில் கைவைக்க வேண்டும். தயாரிப்புத் தளத்தில் ஆபரேட்டராக இருந்தவர்களுக்கு இந்த இடத்தில் கைகொடுப்பது பழைய அனுபவம்தான்.

ரீஸ்டார்ட் செய்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. இயந்திரம் அனுப்பிய செய்தி பாதி வழியில் நிற்கும்போது இணைப்பைத் துண்டித்து மீண்டும் தொடங்கினால், சில முறைமைகளில் அதே செய்தி இரண்டாம் முறை போகும். 100 உருப்படிகள் 200 ஆகப் பதிவாகும். அதனால் நிலுவையில் உள்ள செய்திகளைப் பார்த்துவிட்டுத்தான் ரீஸ்டார்ட் செய்வார்கள்.

“அட்டையைக் கொஞ்சம் கொடு”

இரவு ஷிஃப்டில் இலக்கு நெருக்கும்போது குறுக்குவழிகள் தேடி வரும். சான்று காலாவதியானவர் பக்கத்து ஆளின் அட்டையைக் கேட்பார். சூப்பர்வைசர், கணினிப் பிரிவு ஆளிடம் “எப்படியாவது லாட்டை அடுத்த படிக்குத் தள்ளிவிடு” என்பார். தரவுத்தளத்தில் ஒரே ஒரு கட்டளை போதும், சிவப்பு பச்சையாகிவிடும்.

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அட்டையைக் கொடுத்தவர் அந்த இயந்திரத்தைத் தொட்டிருக்கவே மாட்டார். ஆனால் ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால், பதிவில் இருப்பது அவர் பெயர்தான். தரவுத்தளத்தில் கைவைத்தவர் அன்றைய இரவைக் காப்பாற்றியிருப்பார். ஆனால் எந்த லாட்டில் கோளாறு என்று தேடும்போது பதிவையே நம்ப முடியாமல் போகும். 10 தட்டுகளைத் திரும்பப் பெற வேண்டிய இடத்தில் முழு மாத உற்பத்தியையும் திரும்பப் பெற நேரலாம்.

ஒழுங்கான ஆலைகளில் இதற்கு முறை உண்டு. யார் கேட்டது, யார் அனுமதித்தது, பழைய மதிப்பு என்ன, புதிய மதிப்பு என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். இந்தப் பதிவு நிறுவனத்துக்கு மட்டுமல்ல, தொழிலாளிக்கும் பாதுகாப்பு. கிராணியின் ஏட்டைத் தொழிலாளி திறந்து பார்க்க முடியாத காலம் இருந்தது. இன்று “நான் அந்த நேரத்தில் அந்த இயந்திரத்தில் இல்லை” என்பதற்கு எம்.இ.எஸ். பதிவே சாட்சியாகலாம். அட்டையை இரவல் கொடுத்தவர் அந்தச் சாட்சியையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை

2018 ஆகஸ்டு 3ஆம் தேதி, தைவானின் டி.எஸ்.எம்.சி. சிப் நிறுவனத்தின் ஆலைகளில் கணினிகளும் இயந்திரங்களும் நின்றன. புதிய இயந்திரம் ஒன்றுக்கு மென்பொருள் நிறுவியபோது நடந்த தவறு அது. வைரஸ் சோதனை செய்யாமல் அதை நெட்வொர்க்கில் இணைத்ததால் ‘வான்னாக்ரை’ வைரஸின் ஒரு வகை பரவியது. வெளியிலிருந்து யாரும் குறிவைத்துத் தாக்கவில்லை. இயல்பு நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ மூன்று நாள் ஆனது.

2023 ஆகஸ்டில் டொயோட்டாவின் முறை. கிள்ளான் புக்கிட் ராஜாவிலும் அந்நிறுவனத்தின் கார்கள் தயாராகின்றன. ஆனால் அன்று நின்றவை ஜப்பானில் உள்ள 14 ஆலைகள். பழுதானது எம்.இ.எஸ். அல்ல, உதிரிப்பாக ஆர்டர்களைக் கவனிக்கும் சர்வர்கள். ஆகஸ்டு 27ஆம் தேதி வழக்கமான பராமரிப்பின்போது பழைய தரவுகளை நீக்கி ஒழுங்குபடுத்தினார்கள். டிஸ்க்கில் இடம் போதாமல் முறைமை நின்றது. மாற்று சர்வரும் அதே முறைமையில் இருந்ததால் அதுவும் கைகொடுக்கவில்லை. 29ஆம் தேதி கூடுதல் கொள்ளளவுள்ள சர்வருக்குத் தரவுகளை மாற்றி, 30ஆம் தேதி உற்பத்தியைத் தொடங்கினார்கள்.

ஒன்றில் விடுபட்ட வைரஸ் சோதனை, மற்றொன்றில் டிஸ்க் இடப் பற்றாக்குறை. இரண்டுமே பராமரிப்பு ஆளின் அன்றாடப் பட்டியலில் இருக்கும் சாதாரண வேலைகள்.

அதே பட்டியலில் இன்னொன்றும் இருக்க வேண்டும்: கணினி நின்றால் தாளில் வேலையைத் தொடரும் திட்டம். அச்சிட்ட படிவம், லாட் எண், எண்ணிக்கை, நேரம், கையொப்பம் என எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். கணினி மீண்ட பிறகு, தாளில் உள்ளதை நடந்த வரிசைப்படி ஏற்றி, தட்டுகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பு முடியும்வரை கோளாறு தீர்ந்ததாகச் சொல்ல முடியாது.

இந்த வேலைக்கு எப்படிப் போவது?

2018 அக்டோபர் 31ஆம் தேதி ‘இண்டஸ்ட்ரி ஃபோர்வார்டு’ கொள்கையும், 2023 செப்டம்பர் 1ஆம் தேதி ‘புதிய தொழில்துறைப் பெருந்திட்டம் 2030’உம் வெளியிடப்பட்டன. 3,000 நவீனத் தொழிற்சாலைகளை உருவாக்குவது பெருந்திட்டத்தின் இலக்குகளில் ஒன்று. தளத்தில் கணினி கூடக் கூட, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள்களும் தேவைப்படுவார்கள்.

இந்த வேலைக்குத் தேவையானவை: தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் எஸ்.கியூ.எல். மொழி, நெட்வொர்க் அடிப்படை, சர்வர் பதிவேட்டைப் படிக்கும் பொறுமை, நடந்ததை மலாயிலோ ஆங்கிலத்திலோ நாலு வரியில் தெளிவாக எழுதும் பழக்கம். எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு ஷா ஆலமில் உள்ள அட்டெக், பொலிடெக்னிக் போன்ற அரசுக் கழகங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே தொழிற்சாலையில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், திறன் மேம்பாட்டுத் துறையின் ‘முந்தைய சாதனை அங்கீகாரம்’ என்ற பி.பி.தி. வழியாக எஸ்.கே.எம். சான்றிதழுக்கு முயலலாம். வகுப்பறைக்குத் திரும்பாமலே அனுபவத்தைச் சான்றாக மாற்றும் வழி அது.

தொழிற்சாலை நிலையானது அல்ல என்பதும் உண்மை. பெட்டாலிங் ஜெயாவில் இருந்த தன் ஹார்டு டிஸ்க் ஆலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018 ஜூலையில் அறிவித்தது. தோட்டம் துண்டாடப்பட்டபோது மரம் வெட்டும் திறனை நகரத்தில் விற்க முடியவில்லை. இந்தத் திறன் அப்படியல்ல. மென்பொருளின் பெயர் ஆலைக்கு ஆலை மாறினாலும், லாட், படி, பதிவு, சரிபார்ப்பு என்ற முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றே.

வேலையில் சேரும் முன் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஆலை இரவிலும் ஓடும். நள்ளிரவிலும் போன் வரும். 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டம் எல்லா ஊழியர்களுக்கும் பொருந்துகிறது. வார வேலை நேரம் 45 மணி. ஆனால் மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டினால், சட்டம் சொல்லும் ஓவர்டைம் விகிதம் பொதுவாகக் கட்டாயமில்லை. சம்பளம் 4,200 வெள்ளி என்று மகிழ்ந்து கையெழுத்துப் போடுவதற்கு முன், இரவு அழைப்புக்கு அலவன்ஸ் உண்டா, எவ்வளவு என்று கேட்டு, அதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது நல்லது.