ரோபோவின் காது எங்கே இருக்க வேண்டும்?

மாணவர்கள் தாமே உருவாக்கிய ரோபோக்களைக் களத்தில் இறக்கிப் போட்டியிடும் விழாக்கள் இன்று உலகின் பல நாடுகளில் நடைபெறுகின்றன. ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002-ஆம் ஆண்டு டோக்கியோவில் தொடங்கிய 'ரோபோகான்' போட்டி, 2008-லும் 2014-லும் நம் நாட்டின் புனே நகரில் நடந்தது. இத்தகைய ரோபோக்களில் பலவற்றை மாணவர்கள் களத்துக்கு வெளியே நின்று, கம்பியின்றி, வானொலி அலைகளால் இயக்குகின்றனர்.

அந்த அலை நடுவழியில் அறுந்தால் என்ன ஆகும்? 2012 ஏப்ரலில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 'ஃபர்ஸ்ட்' என்னும் அமைப்பு நடத்திய மாணவர் போட்டியின் இறுதிச் சுற்றில், பல ரோபோக்கள் ஆட்டத்தின் நடுவே அசையாமல் நின்றுவிட்டன. பல வார உழைப்பு அரங்கத்தின் கண்முன்னே வீணாயிற்று. வல்லுநர்கள் அந்த ரோபோக்களை மீண்டும் வரவழைத்துச் சோதித்தனர். அரங்கில் இருந்த ஒருவர் தம் கைபேசியைக் கொண்டு ரோபோவின் வானொலியுடன் இணைய முயன்றதும், அவ்வாறு தோல்வியுற்ற முயற்சியே இணைப்பைக் குலைக்கும் குறைபாடு அக்கருவியில் இருந்ததும் தெரியவந்தன. ஆனால் கதை அதோடு முடியவில்லை. சில ரோபோக்களின் நிறுத்தத்துக்கு அவற்றின் உள்ளேயே இருந்த கோளாறுகள்தாம் காரணம். பிறர் செய்யும் குறும்பை நாம் தடுக்க இயலாது. நம் ரோபோவின் உட்புறமோ நம் கையில் இருக்கிறது.

முதலில், எந்த வானொலியை வாங்குவது? இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் குறைந்த திறனில் உரிமமின்றிப் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டு விதி இடமளிக்கிறது. வைஃபை, புளூடூத், ஜிக்பீ ஆகிய மூன்றும் இங்கே செயற்படுகின்றன. கடையில் கிடைக்கிறதே என்று அமெரிக்கர்களுக்கான 915 மெகா ஹெர்ட்ஸ் கருவியை வாங்கிவிடாதீர்கள். அந்த அதிர்வெண் நம் நாட்டில் உரிமமின்றிப் பயன்படுத்தத் தக்கதன்று. போட்டியின் விதிநூல் எதை அனுமதிக்கிறது என்பதையும் முன்பே படித்துவிடுங்கள். 2.4 கிகா ஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு தொல்லை உண்டு. பார்வையாளர்களின் கைபேசிகள் அத்தனையும் அங்கேதான் பேசிக்கொண்டிருக்கும். ஆகவே விதி இடங்கொடுத்தால் 5 கிகா ஹெர்ட்ஸ் வைஃபையைத் தேர்ந்தெடுப்பது நலம்.

'திறன் மிகுந்த கருவியை வாங்கினால் தொல்லை தீருமே' என்று பலர் எண்ணுகின்றனர். திறந்தவெளியில் எட்டும் தொலைவை இருமடங்காக்க வேண்டுமானால் திறனை நான்கு மடங்காக்க வேண்டும். ஆனால் ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் நான்கு மடங்கும் போதாது. களம் என்னவோ பத்துப் பதினைந்து மீட்டர்தான்! என் கருத்தில், கருவியின் விலையைவிட அதைப் பொருத்தும் இடமே முக்கியம்.

காரணம் எளிது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 2.4 கிகா ஹெர்ட்ஸுக்கு அது 12.5 சென்டிமீட்டர். ரோபோவின் அலுமினியச் சட்டங்களும் மோட்டார்களும் பாட்டரியும் ஏறக்குறைய இந்த அளவினவே. ஆகையால் இவை ஒவ்வொன்றும் அலைக்குச் சுவராகவோ கண்ணாடியாகவோ அமைகின்றன. நேரே வரும் அலையும் எதிரொளித்து வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கலாம். அங்கிருந்து சில சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒன்றையொன்று வலுப்படுத்தலாம். ஒரே இடத்தில் ரோபோ 'செவிடாகி', சற்றுத் தள்ளினால் உயிர்பெறும் மர்மம் இதுதான்.

எனவே வானொலியை ரோபோவின் உச்சியில், உலோகத்திலிருந்து விலக்கி வையுங்கள். சிறிய வைஃபை பலகைகளின் ஓர் ஓரத்தில் வளைந்து வளைந்து செல்லும் செம்புக்கோடு ஒன்றைக் காணலாம். அதுவே ஆன்டெனா. அந்த ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதைச் சுற்றி ஒன்றரை சென்டிமீட்டருக்காவது உலோகம் கூடாது. குச்சி போன்ற ஆன்டெனாவானால் செங்குத்தாக நிறுத்துங்கள். துப்பாக்கியைக் குறிவைப்பதுபோல் ரோபோவை நோக்கி நீட்டுவது தவறு, ஏனெனில் நுனியின் திசையில்தான் அலை மிகக் குறைவாகச் செல்கிறது.

மூடி வேண்டுமென்றால் பிளாஸ்டிக், மரம், பீங்கான் எதுவும் ஆகும். கார்பன் இழைத் தகடு மட்டும் ஆகாது. அது பார்வைக்கு பிளாஸ்டிக் போலிருந்தாலும் மின்சாரத்தைக் கடத்தும். விருத்தாசலம், நல்லூர் வட்டாரத்தில் வாழும் நமக்குப் பீங்கான் புதிதன்று. மின்சாரத்தைத் தடுக்கும் அப்பொருள் வானொலி அலையைத் தன்னுள்ளே செல்ல விடுகிறது. ஆனால் அதன் அலைநீளத்தைச் சுருக்கிவிடுகிறது. இந்தப் பண்பைக் கொண்டுதான் அரிசிமணிபோன்ற பீங்கான் துண்டையே ஆன்டெனாவாக்கிக் கைக்கருவிகளில் பொருத்துகின்றனர்.

இனி மின்சாரம். மோட்டார் திடீரென்று கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். உடனே பாட்டரியின் மின்னழுத்தம் சரியும். மோட்டார் அதைப் பொறுத்துக்கொள்ளும். வானொலி பொறுக்காது, அணைந்து மீண்டும் தொடங்கும். வைஃபை கருவி மறுபடி இணையப் பல நொடிகள் ஆகலாம். மூன்று நிமிட ஆட்டத்தில் அது பெரிய இழப்பு. வானொலிக்கெனத் தனியே ஒரு மின்னழுத்தச் சீராக்கியை அமையுங்கள். மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தால் தூரிகைப் பொறிகளின் இரைச்சல் அடங்கும். அந்த மின்தேக்கிக்குள் இருப்பதும் பேரியம் டைட்டனேட் என்னும் ஒருவகைப் பீங்கானே! செருகிகளைக் கட்டுநாடாவால் இறுகக் கட்டிவிடுங்கள். மோதலில் முதலில் கழல்வது அவைதாம்.

இவ்வளவு செய்தும் இணைப்பு அறுபடலாம். அப்போது கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு 'முன்னே செல்' என்று ரோபோ ஓடினால், எதிரே நிற்பவரின் கால் போய்விடும். ஆகவே அரை நொடி எந்தச் செய்தியும் வராவிட்டால் எல்லா மோட்டார்களும் நிற்கும்படி நிரல் எழுதுங்கள். சோதிக்கும்போது ரோபோவைக் கட்டைமேல் ஏற்றிச் சக்கரங்களைச் சுழலவிட்டு, இயக்குபவரின் கருவியை அணையுங்கள். சக்கரங்கள் நின்றால் மட்டும் தரையில் இறக்கலாம்.