செய்தியில் 38, மொபைலில் 41, காரில் 45... வெயிலை உண்மையில் எங்கே, எப்படி அளக்கிறார்கள்?

"இன்று இத்தனை இடங்களில் வெயில் சதம் அடித்தது." கோடை வந்துவிட்டால் மாலைச் செய்தியில் தவறாமல் வரும் வரி இது. ஆனால் மதியம் ரோட்டில் பைக் ஓட்டி வந்தவருக்கு அந்த எண் பொருந்துவதே இல்லை. மொபைல் 41 காட்டுகிறது, காரின் டேஷ்போர்டு 45 காட்டுகிறது, செய்தியிலோ நுங்கம்பாக்கம் 38 என்று வருகிறது. "ஊரே கொதிக்குது, இவங்க மட்டும் ஏன் குறைச்சு சொல்றாங்க?" என்ற சந்தேகம் வருவது இயல்புதான்.

யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு கருவியும் வேறு வேறு சூட்டை அளக்கிறது, அவ்வளவுதான்.

அளப்பது வெயிலை அல்ல, நிழலை

வானிலை ஆய்வு மையம் சொல்லும் வெப்பநிலை, நிழலில் இருக்கும் காற்றின் வெப்பநிலை. இதற்காகவே ஒரு மரப்பெட்டி இருக்கிறது. வெள்ளை பெயிண்ட் அடித்து, நான்கு பக்கமும் ஜன்னல் ஷட்டர் மாதிரி சாய்வான பலகைகள் வைத்து, தரையிலிருந்து சுமார் நான்கு அடி உயரத்தில் கால்கள் மேல் நிற்கும். காற்று உள்ளே போய் வரும், வெயில் நேராக விழாது. பெயர் ஸ்டீவன்சன் பெட்டி. 19ஆம் நூற்றாண்டில் இதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர். 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவல் எழுதிய ஆர்.எல். ஸ்டீவன்சனின் அப்பா.

பெட்டிக்குள் இருக்கும் உச்ச வெப்பமானி, காய்ச்சல் பார்க்கும் பழைய தெர்மாமீட்டரின் அண்ணன் மாதிரி. குழாயில் ஓர் இடத்தில் இடுக்கு இருக்கும். சூடு ஏறும்போது பாதரசம் மேலே போகும், சூடு குறைந்தாலும் தானாக இறங்காது. மாலையில் போய்ப் பார்த்தாலும் அன்றைய உச்சம் அப்படியே நிற்கும். குறைந்தபட்ச வெப்பமானியில் ஆல்கஹாலும், அதற்குள் ஒரு சின்ன ஊசியும். பக்கத்திலேயே ஈரத்துணி சுற்றிய ஒரு வெப்பமானி, ஈரப்பதத்தைக் கணக்கிட. இப்போது பல இடங்களில் இந்த வேலையைத் தானியங்கிக் கருவிகளும் செய்கின்றன.

பார்க்கும் நேரமும் முக்கியம். காலை 8.30 மணி, மாலை 5.30 மணி ஆகிய இரண்டும் இந்தியா முழுக்க ஒரே மாதிரி. காலையில் குறைந்தபட்ச வெப்பநிலை, மாலையில் அன்றைய உச்சம். சதக் கணக்கு மாலைச் செய்தியில்தான் வருவதற்குக் காரணம் இதுவே.

அந்த 'சதம்' பாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் அது 37.8 டிகிரி. ஆய்வு மையம் செல்சியஸில்தான் அறிக்கை தருகிறது. நூறு என்றால் மக்களுக்குச் சட்டென்று உறைக்கும் என்பதால் ஊடகங்கள் பாரன்ஹீட்டை விடாமல் பிடித்திருக்கின்றன.

அப்போ மொபைலும் காரும்?

மொபைல் செயலிகள் பெரும்பாலும் எந்தத் தெர்மாமீட்டரையும் பார்ப்பதில்லை. கணினி மாதிரி கணித்த எண்ணைத்தான் காட்டுகின்றன. பக்கத்திலேயே 'உணரும் வெப்பம்' என்று இன்னொரு எண் இருக்கும், பலர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்வது அதைத்தான். காரின் சென்சார் முன்பக்கம், தார் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ரோட்டுச் சூடும் இன்ஜின் சூடும் அதில் சேர்ந்துவிடும்.

கருவி தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியே சாட்சி. 2024 மே 29 அன்று முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் காட்டியது. 2016இல் ராஜஸ்தானின் பலோடியில் பதிவான 51 டிகிரிதான் இந்தியாவின் உச்சம் என்பதால், "சாதனை முறிந்தது" என்று செய்தி உலகம் முழுக்கப் பறந்தது. டெல்லியின் மற்ற நிலையங்கள் எதுவும் 50-ஐத் தொடவில்லை. பிறகு சரிபார்க்கப்பட்ட கருவியை வைத்து ஒப்பிட்டபோது, அந்த சென்சார் சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது தெரியவந்தது.

மீனம்பாக்கம் ஏன் எப்போதும் முந்துகிறது?

சென்னையில் ஒரே நாளில் நுங்கம்பாக்கத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். காரணம் கடல் காற்று. நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். அந்த வித்தியாசத்தில் மதியத்தை ஒட்டி கடலிலிருந்து காற்று கிளம்பி உள்ளே வரும். நுங்கம்பாக்கம் கடலுக்குப் பக்கம், அங்கே முதலில் வரும். விமான நிலையம் உள்ளே தள்ளி இருப்பதால் தாமதமாகும், அதற்குள் வெப்பம் ஏறிவிடும்.

ஆக சென்னையின் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை முடிவு செய்வது கடல் காற்று வரும் நேரம்தான். 12 மணிக்குள் வந்தால் தப்பித்தோம். மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசி அதைக் கடற்கரையிலேயே தடுத்து நிறுத்திவிட்டால், 40-ஐத் தாண்டும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. நகரத்தின் உச்சம் இன்றும் அதுதான். வேலூர், ஈரோடு, கரூர் பக்கம் இந்தக் காப்பாற்றும் காற்றே கிடையாது.

சுட்டெரித்தாலும் 'வெப்ப அலை' இல்லையா?

சமவெளியில் உச்சம் குறைந்தது 40, கடலோரத்தில் 37 ஆக இருக்க வேண்டும். அதோடு இயல்பை விட 4.5 டிகிரி அதிகமாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் வெப்ப அலை. 6.4-க்கு மேல் விலகினால் கடும் வெப்ப அலை. 45-ஐத் தொட்டுவிட்டால் இயல்பு பற்றிய கேள்வியே இல்லை. அதிலும் ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள் இருந்தால், இரண்டாம் நாளில் அறிவிப்பார்கள்.

மே மாதத்தில் சென்னையின் இயல்பான உச்சமே 37-ஐ ஒட்டித்தான். அதனால் 40 டிகிரி அடித்தாலும் கணக்குப்படி அது வெப்ப அலை ஆகாது. உடம்புக்கு இந்தக் கணக்கு தெரியாது என்பதுதான் சிக்கல். அமெரிக்க வானிலை சேவையின் அட்டவணைப்படி, 98 டிகிரி பாரன்ஹீட்டில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் உடல் உணர்வது 105. அதே 98-இல் ஈரப்பதம் 60 ஆனால் 123. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. அறிக்கையில் வரும் 'அசௌகரியம்' என்ற சாதுவான சொல்லுக்குப் பின்னால் இருப்பது இதுதான். இந்த அட்டவணையும் நிழலுக்கானது. நேர் வெயிலில் இன்னும் 15 டிகிரி பாரன்ஹீட் வரை கூடலாம். கட்டட வேலை, சாலை வேலை, டெலிவரி வேலை செய்பவர்கள் நிற்பது அந்த வெயிலில்தான்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்பவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொல்லப்பட்டது.

இரவு எண்ணையும் பாருங்கள்

பலரும் உச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு ஸ்க்ரோல் செய்துவிடுகிறார்கள். பகலில் பட்ட சூட்டை உடம்பு ஆற்றிக்கொள்வது இரவில்தான். குறைந்தபட்ச வெப்பநிலை 30-ஐ ஒட்டி நின்றால், சிமெண்ட் ஷீட் வீட்டில் படுப்பவருக்கு அந்த ஓய்வு கிடைக்காது. மறுநாள் அதே 39 டிகிரி கூடுதலாகத் தாக்கும்.

அக்னி நட்சத்திரம் எங்கே வருகிறது?

மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் கத்திரி வெயில் பஞ்சாங்கக் கணக்கு. ஆய்வு மையத்தின் அகராதியில் அந்தச் சொல் இல்லை. சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில். நிலம் சூட்டைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் வெப்பத்தின் உச்சம் மே மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. அனுபவத்தில் வந்த பஞ்சாங்கக் கணக்கு பெரிதாகத் தப்பவில்லை.

வீட்டில் அளக்க நினைப்பவர்கள், தெர்மாமீட்டரை பால்கனிச் சுவரில் ஆணி அடித்து மாட்டக் கூடாது. அது சுவரின் சூட்டைக் காட்டும். ஏசியின் வெளி யூனிட் பக்கமும் வேண்டாம். வெயில் படாத, காற்று ஓடும் இடத்தில், சுவரை விட்டுத் தள்ளி, நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்டால் அதிகாரப்பூர்வ எண்ணுக்குப் பக்கத்தில் வரும். மதியம் 2 மணி முதல் 3 மணி வரை பார்த்தால் பெரும்பாலும் அன்றைய உச்சம் கிடைத்துவிடும். கடலோரத்தில் மட்டும் காற்று திரும்புவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.